ஆணி இல்லாத படகு

நாலு வருஷம் பஸ்ஸில் ராயபுரம் வழியாகத்தான் கல்லூரிக்கு வந்தேன். அந்தப் பேர் எப்படி வந்ததென்று ஒருநாளும் யோசித்ததில்லை. இராயப்பர் என்றால் பேதுரு. அவரும் மீன் பிடித்தவர்தான்.

துறைமுகம் வருவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போடும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். (அரியர் வைத்த மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்க!)

அந்தப் படகோட்டிகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டியதுதான் ராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். கரை சேர்த்தவருக்குச் செலுத்திய நன்றி என்றே எனக்குப் படுகிறது. 1881-ல் புதுத் துறைமுகச் சுவர்களைப் புயல் உடைத்தது, திரும்பக் கட்டினார்கள். அதன்பின் கப்பல் உள்ளேயே வந்துவிட்டது. படகுக்கு வேலை போயிற்று. ஆலயம் நிற்கிறது.

எண்ணூரில் என் வேலை போனபோது இதைத்தான் நினைத்தேன். எட்டு மாசம் வீட்டில் சும்மா இருந்தேன். ஒரு ராத்திரி அம்மா பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாங்க. என் கல்லூரிக் கட்டணம் ஒவ்வொரு தடவையும் எப்படி வந்தது, யார் கையால் வந்தது என்று தேதி போட்டு எழுதியிருந்தாங்க. சாமுவேல் நாட்டிய எபெனேசர் கல் எங்கள் வீட்டில் நோட்டாக இருந்திருக்கிறது!

"முதல்ல இதப் படிச்சிடு, அப்புறம் கவலப்படு"ன்னாங்க.

மறுநாளும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன்.