எஸ். எஸ். விசுவநாததாஸ்

எஸ். எஸ். விசுவநாததாஸ் (ஜூன் 16, 1886 - டிசம்பர் 31, 1940) தமிழ் நாடக மேடையின் புகழ்பெற்ற பாடகரும் நடிகரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசியில் பிறந்து, மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்தவர். புராண நாடகங்களில் இராசபார்ட் வேடமேற்று நடித்த இவர், அந்நாடகங்களின் நடுவே ஆங்கில ஆட்சியை எதிர்க்கும் பாடல்களைப் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றார். சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக வேடமிட்டுப் பாடிக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர் நீத்தார். தியாகி விசுவநாததாஸ் என்றும் விஸ்வநாத தாஸ் என்றும் இவரது பெயர் எழுதப்படுவதுண்டு.

பிறப்பும் பின்னணியும்

விசுவநாததாஸ் பிறந்த காலத்துச் சிவகாசி, இன்று அறியப்படும் பட்டாசு நகரம் அன்று. தீப்பெட்டித் தொழிலே அப்போது அங்கு வந்திருக்கவில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பிய பின்னரே அத்தொழில் அங்கு வேரூன்றியது. பட்டாசும் அச்சும் அதன் பின்னர் வளர்ந்தவை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிவகாசி, திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த, வானம் பார்த்த கரிசல் நிலத்து வணிக ஊராக இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைக்கப்பட்டது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல்தான்.

சாதிப் பூசல் மிகுந்த ஊராகவும் அது இருந்தது. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பகை 1899 ஜூன் 6 அன்று பெருங்கலவரமாக வெடித்தது. இது சிவகாசிக் கொள்ளை என்று வரலாற்றில் குறிப்பிடப்படுகிறது. அப்போது விசுவநாததாசுக்கு வயது பன்னிரண்டு.

இவர் முடிதிருத்தும் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட மருத்துவர் சமூகத்தில் பிறந்தார். இச்சமூகத்து ஆடவர் முடிதிருத்துவதோடு நாட்டு மருத்துவமும் அறுவை மருத்துவமும் செய்து வந்தனர். பெண்கள் மகப்பேறு பார்த்தனர். சில ஊர்களில் நாகசுரம் வாசிப்பதும் இவர்களது பணியாக இருந்தது. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகிய மூன்றிலும் இவர்களின்றி ஊரில் எதுவும் நடவாது. ஆயினும் சமூகப் படிநிலையில் தாழ்ந்த இடமே இவர்களுக்கு வழங்கப்பட்டது. இந்த முரண் விசுவநாததாசின் மேடை வாழ்க்கை முழுவதும் தொடர்ந்தது.

இசைச் சூழல்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட இப்பகுதி, தஞ்சாவூரைப் போலப் பெரிய இசைவாணர் பரம்பரைகளுக்குப் பெயர்பெற்றதன்று. சாத்தூர் ஏ. ஜி. சுப்பிரமணியம் போன்ற கருநாடக இசைப் பாடகர் இங்கிருந்தும் தோன்றியுள்ளனர் என்றாலும், மக்களிடம் பரவலாக இருந்தது கோயிலையும் திருவிழாவையும் சார்ந்த இசையே. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் அரையர்கள் திவ்வியப் பிரபந்தத்தைப் பாடியும் அபிநயித்தும் நிகழ்த்தும் அரையர் சேவை தொன்மையானது. ஊர்ப்புறங்களில் நையாண்டி மேளம், கரகாட்டம், கும்மி, ஒப்பாரி ஆகியவை வழங்கின. பங்குனி, சித்திரை மாதங்களில் அம்மன் கோயில்களில் நடைபெறும் பொங்கல் விழாக்களில் விடிய விடிய நாடகம் நடத்துவது வழக்கமாக இருந்தது. சாதாரண மக்கள் இராகங்களைக் கேட்டுப் பழகியது பெரும்பாலும் இந்த நாடகக் கொட்டகைகளில்தான். கச்சேரி மேடையைவிட நாடக மேடையே இவ்வட்டாரத்தின் இசைப்பள்ளி எனலாம்.

ஸ்பெஷல் நாடகமும் பாட்டும்

விசுவநாததாஸ் புகழ்பெற்றது ஸ்பெஷல் நாடகம் எனப்படும் வடிவத்தில் ஆகும். இதில் நிலையான நாடகக் குழு கிடையாது. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, குறித்த நாளில் குறித்த ஊருக்கு வந்து சேர்வர். இராசபார்ட் ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் வருவர். முன்கூட்டியே ஒத்திகை இல்லை. கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் நாடகம் நடக்கும். இந்நாடகங்களுக்கான அடிப்படைப் பாடத்தைத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை அவர் எழுதினார்.

ஒத்திகையற்ற இந்த முறையே நடிகருக்குப் பெரும் சுதந்திரம் அளித்தது. மேடையில் எதிரில் நிற்பவர் பாட்டாலும் வசனத்தாலும் மடக்குவார். அதற்கு அங்கேயே விடை சொல்ல வேண்டும். தர்க்கம் எனப்படும் இப்பகுதிக்காகவே மக்கள் காத்திருப்பர். கதைக்குத் தொடர்பில்லாத பாட்டு ஒன்றைச் செருகினாலும் கேட்க ஆளில்லை. காவல்துறை ஏட்டில் வள்ளி திருமணம் என்று அனுமதி பெற்ற நாடகத்தில் அன்றிரவு என்ன பாடப்படும் என்பது நடிகருக்கு மட்டுமே தெரியும்.

அது ஒலிபெருக்கி பரவாத காலம். ஆயிரக்கணக்கானோர் கூடிய கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமானால் உச்சக் குரலில் பாட வேண்டும். எனவே நாடகப் பாடகர்கள் ஐந்து கட்டைச் சுருதியிலும் அதற்கு மேலும் பாடினர். ஆர்மோனியமும் மிருதங்கமும் துணை செய்தன. எஸ். ஜி. கிட்டப்பா (1906-1933), கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரும் இம்மரபில் வந்தவர்களே. விசுவநாததாஸ் கிட்டப்பாவுக்கு இருபது ஆண்டுகள் மூத்தவர். கம்பீரமான குரலும் தெளிவான சொல் உச்சரிப்பும் இவரது சிறப்புகளாகக் கூறப்படுகின்றன. அரசியல் பாட்டுக்குச் சொல் தெளிவு இராக நுட்பத்தினும் இன்றியமையாதது.

தேசியப் பாடல்கள்

1919-ஆம் ஆண்டு ஜாலியன்வாலாபாக் படுகொலையும் அதைத் தொடர்ந்த ஒத்துழையாமை இயக்கமும் தமிழ் நாடக மேடையை அரசியல் மேடையாக மாற்றின. இம்மாற்றத்தின் முன்வரிசையில் நின்றவர் விசுவநாததாஸ். பஞ்சாப் படுகொலை, கதர், கள்ளுக்கடை மறியல், தீண்டாமை எதிர்ப்பு ஆகியவை இக்காலத்து மேடைப் பாடல்களின் பொருளாயின.

இவர் பாடிய பாடல்களுள் பலவற்றை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் (1892-1952). நாகலாபுரத்தைச் சேர்ந்த இவரது இயற்பெயர் வெள்ளைச்சாமி. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் (1931) படத்திலும் இவரது பாடல்கள் இடம்பெற்றன. புராணக் கதையில் காந்தியின் இராட்டையைப் போற்றும் பாட்டு அப்படத்தில் நுழைந்தது இந்த நாடக வழக்கத்தின் தொடர்ச்சியே.

விசுவநாததாசுடன் பிரிக்க முடியாமல் இணைந்துவிட்ட பாட்டு, கொக்கு பறக்குதடி பாப்பா என்று தொடங்குவதாகும். தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை விரட்டும் கதையில் கொக்கைப் பற்றிய பாட்டு இயல்பாகவே பொருந்தும். ஆனால் கொக்கு வெள்ளை நிறத்தது. நெடுந்தொலைவிலிருந்து வந்து இரை தேடுவது. கேட்டவர்கள் அனைவருக்கும் அது வெள்ளையரைக் குறித்தது என்பது உடனே விளங்கியது. இப்பாட்டின் வலிமை அதன் எளிமையில் உள்ளது. எழுத்தறியாத ஒரு விவசாயியும் மறுநாள் வயலில் பாடக்கூடிய மெட்டும் சொல்லும் கொண்டது அது. காவல் அதிகாரி ஒருவர் நீதிமன்றத்தில் இப்பாட்டைக் குற்றமாக நிறுவ வேண்டுமானால், கொக்கு என்றது தம் ஆட்சியாளரைத்தான் என்று அவரே பொருள் சொல்ல வேண்டியிருக்கும்.

நாடகப் பாடல்கள் ஓரிரு காசு விலையில் சிறு நூல்களாக அச்சிடப்பட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்கப்பட்டதால் குஜிலி நூல்கள் என அழைக்கப்படும் இவற்றுள் பல, அரசால் தடை செய்யப்பட்டன.

அடக்குமுறை

நாடகங்களைக் கட்டுப்படுத்த ஆங்கில அரசு பயன்படுத்திய சட்டம், 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஆகும். வேல்ஸ் இளவரசரின் கல்கத்தா வருகையை ஒட்டி எழுந்த நையாண்டி நாடகம் ஒன்றின் விளைவாக வங்காளத்தை மனத்தில் கொண்டு இயற்றப்பட்ட இச்சட்டம், பின்னர் நாடு முழுவதும் நாடகக்காரர்களுக்கு எதிரான கருவியாயிற்று. நாட்டின் விடுதலைக்குப் பின்னும் எழுபது ஆண்டுகள் சட்டப்புத்தகத்தில் இருந்த இது 2018-இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது.

விசுவநாததாசின் நாடகம் என்றால் கொட்டகையில் காவலர்களும் சுருக்கெழுத்தாளர்களும் அமர்ந்திருப்பது வழக்கமாயிற்று. தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்ட ஊரிலும் இவர் பாடினார். வேடத்துடனேயே கைது செய்யப்பட்டதும் உண்டு என்பர். சிறையிலிருந்து வந்ததும் மீண்டும் மேடையேறி அதே பாட்டைப் பாடுவது இவரது வழக்கம். இவர்மீது தொடரப்பட்ட வழக்கொன்றில் வ. உ. சிதம்பரம் பிள்ளை இவருக்காக வாதாடியதாகவும் குறிப்பிடப்படுகிறது.

சிறைவாசத்தை விட இவரை வருத்தியது வருமான இழப்பு. ஸ்பெஷல் நாடக நடிகருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆடிய இரவுக்கே கூலி. சிறையில் கழிந்த திருவிழாக் காலம் ஓராண்டு வருவாயை விழுங்கிவிடும். தடைக்கு அஞ்சி இவரை ஒப்பந்தம் செய்யத் தயங்கிய நாடக ஏற்பாட்டாளர்களும் இருந்தனர். இதனால் கடன் பெருகித் திருமங்கலம் வீடு அடமானத்துக்கு உள்ளானது. அரசை எதிர்த்துப் பாடுவதை நிறுத்தினால் கடன் முழுவதையும் அடைத்து உதவுவதாகச் சென்னை மாகாண ஆளுநர் எர்ஸ்கின் (பதவிக்காலம் 1934-1940) தரப்பிலிருந்து கூறப்பட்டதாகவும், விசுவநாததாஸ் அதை ஏற்க மறுத்ததாகவும் சொல்லப்படுகிறது.

சாதியும் மேடையும்

மேடையில் முருகனாகத் தோன்றும்போது இவரைக் கண்டு கைகூப்பிய மக்கள் உண்டு. அதே மேடையில் இவருடன் இணைந்து நடிக்க, இவரது சாதியைக் காரணம் காட்டி மறுத்த நடிகைகளும் இருந்தனர். வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் கைகோத்து நிற்க வேண்டும் என்பதால், இது ஒரு நடிகரின் தொழிலையே முடக்கக்கூடிய மறுப்பாகும். இவரது புகழ் வளர்ந்த பின்னரே இத்தடை தளர்ந்தது. கதர், மதுவிலக்கு ஆகியவற்றுடன் தீண்டாமை ஒழிப்பையும் பாடிய கலைஞருக்கு அந்தப் பொருள் நூலறிவால் வந்ததன்று என்பது கருதத்தக்கது. விடுதலைப் போராட்ட வரலாற்று நூல்களில் நாடகக் கலைஞர்களுக்குப் பொதுவாகவே குறைந்த இடமே தரப்பட்டுள்ளது. கூத்தாடிகள் என்ற இழிவுப் பார்வையும் சாதிப் பார்வையும் சேர்ந்ததே இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு நூல், தமிழ் நாடக மேடையின் அரசியல் பங்களிப்பை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

மறைவு

1940 அக்டோபரில் காந்தி தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியிருந்தார். காங்கிரசு அமைச்சரவை முந்தைய ஆண்டே பதவி விலகிவிட்டதால் அடக்குமுறை மீண்டும் வலுத்திருந்தது. உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும், கடனைத் தீர்க்கும் பொருட்டு விசுவநாததாஸ் சென்னையில் நடிக்க ஒப்புக்கொண்டார்.

1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகம் நடைபெற்றது. முருகன் வேடத்தில் மயில் மீது அமர்ந்து தோன்றிய விசுவநாததாஸ், தம் தொடக்கப் பாடலைப் பாடத் தொடங்கினார். பாட்டு முடிவதற்குள் அவரது குரல் நின்றது. நடிப்பின் ஒரு பகுதி என்றே பார்வையாளர்கள் முதலில் எண்ணினர். மேடைக்கு உள்ளிருந்தவர்கள் அருகில் சென்று பார்த்தபோது உயிர் பிரிந்திருந்தது. அப்போது அவருக்கு வயது 54. முருகன் வேடம் கலைக்கப்படாமலே அவரது உடல் மறுநாள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டதாகக் கூறப்படுகிறது.

நினைவு

திருமங்கலத்தில் இவர் வாழ்ந்த இடத்தில் தமிழ்நாடு அரசு தியாகி விசுவநாததாஸ் நினைவு இல்லத்தை அமைத்துள்ளது. மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அடுத்தபடியாக மதித்துப் போற்றும் பெயர்களுள் இவரது பெயரும் ஒன்று. கோயில் கொடைகளிலும் பொங்கல் விழாக்களிலும் வள்ளி திருமணம் இன்றும் விடிய விடிய நடிக்கப்படுகிறது.