ராம் கம்மின்ஸ் டீசல் பிக்கப்

அமெரிக்காவில் கனரக இழுவைக்கென விற்கப்படும் பிக்கப் டிரக் வரிசை. கிறைஸ்லரின் டாட்ஜ் பிரிவு, இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் உள்ள கம்மின்ஸ் நிறுவனத்திடம் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை வாங்கிப் பொருத்தி, 1989 மாடலாக இதைக் கொண்டுவந்தது. பின்னாளில் டாட்ஜிலிருந்து பிரிந்து ராம் என்பதே தனிப் பெயராயிற்று.

1989-இன் முதல் மாடலையும், முகப்பும் கேபினும் மாறிய 1994, 2003, 2010, 2019 மாடல்களையும் கொண்டு ஐந்து தலைமுறைகளாக எண்ணுவது வழக்கம். பழைய வண்டி வாங்குபவருக்கு இந்தக் கணக்கு போதாது. வண்டியின் குணத்தை மாற்றியவை எரிபொருள் பம்பும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும்தான். அவை பெரும்பாலும் ஒரு தலைமுறையின் நடுவில்தான் வந்து சேர்ந்தன.

முதல் தலைமுறையின் உடல் 1972-இல் வந்த பழைய டாட்ஜ் வடிவமே. விற்பனையில் ஃபோர்டுக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் வெகு பின்னால் இருந்த அந்த வண்டிக்கு மதிப்பைத் தேடித்தந்தது 5.9 லிட்டர் 6பிடி இன்ஜின். லாரிக்கும் பண்ணை இயந்திரங்களுக்கும் உருவான பி வரிசையைச் சேர்ந்தது அது. ஜாம்ஷெட்பூரின் டாடா கம்மின்ஸ் ஆலையில் தயாராகி டாடா லாரிகளில் ஏறியதும் இதே குடும்பம்தான். நம் லாரிப் பட்டறைகளுக்கும் பழக்கமானது. அன்றைய போட்டி பிக்கப்புகளில் டர்போ இல்லாத வி8 டீசல்கள் இருந்தன. 6பிடியிலோ டர்போவும் நேரடி எரிபொருள் தெளிப்பும் இருந்தன. 160 குதிரைத்திறன் பெரிய எண் அல்ல. சுமார் 542 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை குறைந்த சுழற்சியிலேயே கிடைத்ததுதான் பெரிது.

1994-இல் நெடுஞ்சாலை லாரியை நினைவூட்டும் உயர்ந்த முகப்பு வந்தது, விற்பனை எகிறியது. இன்ஜினில் பாஷ் பி7100 பம்ப் இடம்பெற்றது. முழுக்க இயந்திரவிசையில் இயங்கும் இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பிளஞ்சர் உண்டு. 12 வால்வு கொண்ட இந்த 1994–98 வண்டிகளே இன்றும் அதிகம் தேடப்படுகின்றன. அதில் நியாயம் இருக்கிறது: கம்ப்யூட்டர் கட்டுப்பாடு இல்லாத பம்பை நல்ல டீசல் மெக்கானிக்கால் சரிசெய்துவிட முடியும். முன்பக்க கியர் உறையில் உள்ள ஒரு சிறு பின் கழன்று கியர்களுக்குள் விழும் அபாயம் மட்டும் உண்டு. வாங்கியதும் அதைப் பூட்டிவைப்பது நல்லது.

1998 நடுவில், உடல் மாறாமலே, 24 வால்வு இன்ஜினும் மின்னணு விபி44 பம்பும் வந்தன. ஓடும் டீசலே இந்தப் பம்புக்குக் குளிர்ச்சியும் மசகும் தர வேண்டும். டேங்கிலிருந்து டீசலை ஏற்றித்தரும் சிறிய லிஃப்ட் பம்ப் பலவீனமானால் விலையுயர்ந்த விபி44 கெட்டுப்போகும். பல உரிமையாளர்கள் அழுத்தமானி பொருத்திக் கண்காணித்தது இதனால்தான். அக்காலப் பிளாக்குகளில் 53 என்ற வார்ப்பு எண் கொண்டவை விரிசல் விடுவதற்குப் பேர்போனவை.

2003-இல் காமன் ரெயில் எனும் எரிபொருள் தெளிப்பு முறை வந்தது. பிரதானத் தெளிப்புக்கு முன் சிறிதளவு டீசலைத் தெளிக்க முடிந்ததால் பழைய தட்டல் ஓசை வெகுவாக அடங்கியது. இதன் சிபி3 பம்ப் உறுதியானது. இரைச்சல், வலு, நம்பகம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 2003–07 வண்டிகளே இவ்வரிசையின் உச்சம் எனலாம்.

2007 நடுவில் 6.7 லிட்டர் இன்ஜின் வந்தது. 2010-இல் அமலாகவிருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பை அது முன்கூட்டியே எட்டியது. ஆனால் புகைவடிகட்டியும் கரியும் புதிய தொல்லைகளாயின. சுமையின்றிக் குறுந்தொலைவு ஓட்டியவர்களுக்கு அடைப்பு அதிகம். 2010-இன் புதிய உடலிலும் அதே இன்ஜின்தான். 2013 முதல் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டியதாயிற்று. 2013–19 காலத்தின் ஏறத்தாழ 6,30,000 வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டை முடக்கும் ஏற்பாடு இருந்ததாக அமெரிக்க அரசு குற்றஞ்சாட்டியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு 2023 டிசம்பரில் இசைந்தது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை இல்லாத பெருந்தொகை அது.

2019 மாடலில் இன்ஜின் பிளாக், எடை குறைந்த வேறுவகை வார்ப்பிரும்புக்கு மாறியது. முறுக்குவிசை சுமார் 1,356 நியூட்டன் மீட்டரை எட்டியது. மேனுவல் கியர் பாக்ஸ் நிறுத்தப்பட்டது. புதிதாகச் சேர்த்த சிபி4 பம்ப் பழுதானதால் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2021 மாடலில் சிபி3 மீண்டது. 2025 மாடல் 430 குதிரைத்திறனும் எட்டு வேகத் தானியங்கி கியரும் கொண்டது.