ஃபவாத் ஆலம்: ஆடாமல் போன 88 டெஸ்ட்கள்

இன்னிக்கு பாகிஸ்தானோட இடதுகை பேட்ஸ்மேன் ஃபவாத் ஆலம் பத்திப் பேசலாம்.

2009 ஜூலை, கொழும்பு. 23 வயசுல முதல் டெஸ்ட், அதுலயே 168 ரன். வெளிநாட்டு மண்ணுல அறிமுக டெஸ்ட்லயே சதம் அடிச்ச முதல் பாகிஸ்தான் வீரர் இவர்தான். ஆனா அதே வருஷம், மூணே டெஸ்ட்டோட அணியை விட்டு வெளிய!

அதுக்கப்புறம் பாகிஸ்தான் 88 டெஸ்ட் ஆடிச்சு. ஒண்ணுல கூட இவர் இல்ல. இத்தனைக்கும் உள்ளூர் முதல்தரப் போட்டிகள்ல இவரோட சராசரி 50-க்கு மேல. பௌலருக்கு நெஞ்சைக் காட்டி நிக்கிற அந்த விநோதமான ஸ்டான்ஸ்தான் பலருக்கும் உறுத்தலா இருந்துச்சு.

2020 ஆகஸ்ட், சவுத்தாம்ப்டன். 34 வயசுல மறுபடியும் வாய்ப்பு. நாலே பந்துல டக் அவுட். அவ்ளோதான்னு நினைச்சா, டிசம்பர்ல நியூசிலாந்துல 102. அடுத்த மாசம் சொந்த ஊர் கராச்சியில, தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா 27 ரன்னுக்கு 4 விக்கெட் போன நிலைமையில இறங்கி 109. சிக்ஸர் அடிச்சுதான் சதத்தைத் தொட்டார். பாகிஸ்தான் ஜெயிச்சுது. அதே 2021-ல ஹராரே, கிங்ஸ்டன்னு இன்னும் ரெண்டு சதம். ஸ்டான்ஸ் அப்பவும் விநோதம்தான்.

கடைசிக் கணக்கு 19 டெஸ்ட், 5 சதம்.

இதை விடாமுயற்சிக் கதைன்னு கைதட்டிட்டுப் போயிடலாம். ஆனா ஒரு பேட்ஸ்மேன் உச்சத்துல இருக்க வேண்டிய வயசு முழுக்க வெளியவே போயிடுச்சு. திரும்பி வந்து அடிச்ச அந்த நாலு சதமும், தேர்வுக்குழு பதில் சொல்ல வேண்டிய நாலு கேள்விகள்.