வெள்ளித்திரையில் ஏழைப் பள்ளி

ஆசிரியரைத் தெய்வத்தோடு ஒருங்கு வைத்துப் போற்றுவது தமிழர் மரபு. அவ்வாசிரியர் பெருநகரின் வறிய பகுதியில், கல்வியில் நம்பிக்கை இழந்த மாணவர்முன் நிற்க நேர்ந்தால் யாது நிகழும்? மேனாட்டுத் திரைப்படங்கள் இவ்வினாவுக்குக் கூறிய விடைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ வெளிவந்தது. நியூயார்க்கின் தொழிற்பள்ளி ஒன்றில் சிறிது காலம் பணியாற்றிய எவான் ஹண்டரின் நாவலே அதற்கு மூலம். கத்தியை நீட்டும் மாணவனையும், அருமையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை மாணவர் உடைக்கக் கண்டு கலங்கும் ஆசிரியரையும் அது காட்டிற்று. வகுப்பறையைக் காடு என்றே பெயரிட்ட அப்படம், அமெரிக்கத் தூதரின் எதிர்ப்பால் அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவினின்று விலக்கப்பட்டது.

அதில் மாணவராக நடித்த கறுப்பின நடிகர் சிட்னி பாய்ட்டியர், 1967இல் ‘டு சர், வித் லவ்’ படத்தில் ஆசிரியராகவே தோன்றினார். கயானாவில் பிறந்த பிரெய்த்வெயிட், கிழக்கு இலண்டனில் கற்பித்த அனுபவத்தை எழுதிய நூல் அதற்கு மூலம். மாணவரை மரியாதையுடன் விளித்து, வாழ்க்கையையே பாடமாக்குகிறார் ஆசிரியர். அச்சம் இருந்த இடத்தில் அன்பு அமர்ந்தது.

1988இல் வந்த ‘ஸ்டாண்டு அண்டு டெலிவர்’ உண்மை வரலாறு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கார்ஃபீல்டு பள்ளியில் கணிதம் கற்பித்தவர், பொலிவியாவில் பிறந்த ஹைமே எஸ்கலாந்தே. 1982இல் அவர் மாணவர் 18 பேர் நுண்கணிதத் தேர்வில் தேறினர். தேர்வு நடத்திய நிறுவனம் பலரை ஐயுற்றது. மறுதேர்வு எழுதிய 12 பேரும் தேறினர்! படமோ இவ்வெற்றியை ஓரிரு ஆண்டின் விளைவெனக் காட்டுகிறது. உண்மையில் அவர் 1974இலேயே அங்குப் பணியேற்றவர். அடிப்படைக் கணக்கிலிருந்து படிப்படியாக, சக ஆசிரியர் துணையோடு உயர்த்தியதன் பயன் அது.

இங்கேதான் திரையின் குறை விளங்குகிறது. தனியொருவரின் வீரத்தைக் காட்டுவது அதற்கு எளிது. பலர் கூடி ஆற்றும் நெடுங்காலப் பணியைக் காட்டுவது அரிது. 2008இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற பிரெஞ்சுப் படம் ‘சுவர்களுக்கிடையே’ இப்போக்கினின்று விலகி நின்றது. அதில் ஆசிரியரே நாவடக்கம் இழந்து மாணவியரைப் புண்படுத்துகிறார். ஒரு மாணவன் பள்ளியினின்று நீக்கப்படுகிறான். முடிவில் வெற்றி முழக்கம் இல்லை.

இத்தகைய படங்களை நம் மக்களுடன் இருந்து காணும்போது, திரை சொல்லாமல் விட்ட ஆண்டுகளையும் எடுத்துரைப்போமாக. வீரர் ஒருவர் வருவாரெனக் காத்திருக்கும் சமூகம் ஏழைப் பள்ளியைக் கைவிட்டதே ஆகும். ஆசிரியர் பலர் நிலைத்திருந்து பணியாற்ற வழி செய்யும் சமூகமே அதனைக் காக்கும்.