வேலையிடத்தில் அடிபட்டால் எந்த டாக்டரிடம் போவது? இழப்பீடு கைநழுவாமல் இருக்க முதல் நாளே கவனிக்க வேண்டியவை

"சின்ன அடிதானே, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்!" பிரஸ் மெஷினில் விரல் மாட்டினாலும், சாரத்திலிருந்து விழுந்தாலும், நம் ஊர்ப் பட்டறைகளில் முதலில் காதில் விழும் வார்த்தை இதுதான். அடுத்த வார்த்தை, "நமக்குத் தெரிஞ்ச டாக்டர் பக்கத்துலயே இருக்கார், வா, கட்டு போட்டுட்டு வந்துடலாம்."

வலியில் இருப்பவருக்கு அப்போது யார் கூப்பிட்டாலும் போகத்தான் தோன்றும். ஆனால், அன்றைக்கு எந்த டாக்டரிடம் போனீர்கள், அவர் சீட்டில் என்ன எழுதினார் என்பதுதான், பின்னாளில் இழப்பீடு கிடைக்குமா, கிடைத்தால் எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கப் போகிறது. எனவே, டாக்டரைத் தேர்ந்தெடுப்பது சிகிச்சைக்காக மட்டுமல்ல, குடும்பத்தின் வருமானத்துக்காகவும்தான்.

முதலில், உங்களுக்கு எந்த வழி?

வேலையிடத்து விபத்துக்கு இழப்பீடு பெற நம் நாட்டில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இ.எஸ்.ஐ. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரும்பாலான நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்தம் இருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ உறுப்பினர்.

இரண்டாவது, இ.எஸ்.ஐ இல்லாதவர்களுக்கு. இவர்களுக்கு முதலாளியே இழப்பீடு தர வேண்டும். 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1948-ம் ஆண்டின் இ.எஸ்.ஐ சட்டமும் இப்போது 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் இது அமலில் இருக்கிறது. ஆனாலும், இழப்பீட்டின் அடிப்படை விதிகள் பெரும்பாலும் பழையபடியேதான் தொடர்கின்றன.

ஒரே விபத்துக்கு இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது. இ.எஸ்.ஐ இருந்தால் இ.எஸ்.ஐ மட்டும்தான். எனவே, டாக்டரைத் தேடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தா? அட்டை, கார்டு எதுவும் தேட வேண்டாம்

ரத்தம் நிற்கவில்லை, மயக்கம், தலையில் அடி, மின்சாரம் தாக்கியது, உடல் வெந்துவிட்டது என்றால் 108-க்கு போன் செய்து, அருகில் இருக்கும் வசதியான மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இ.எஸ்.ஐ உறுப்பினராக இருந்தாலும் அவசரத்துக்கு எங்கேயும் சேரலாம். செலவை இ.எஸ்.ஐ-யிடம் திரும்பக் கேட்கலாம். ஆனால், அரசு நிர்ணயித்த கட்டண அளவில்தான் கிடைக்கும். தனியார் போட்ட பில் முழுசாக வரும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. நிலைமை சீரானதும் இ.எஸ்.ஐ மருத்துவமனைக்குத் தகவல் சொல்லி, அங்கே மாறிக்கொள்வது நல்லது.

விரல் துண்டாகிவிட்டதா? துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ, விரலை மீண்டும் ஒட்டவைக்க அவ்வளவு வாய்ப்பு அதிகம்.

எந்தக் காயத்துக்கு எந்த நிபுணர்?

தெருமுனை கிளினிக்கில் தையல் போட்டுவிட்டு வருவதில்தான் பல கைகள் வீணாகின்றன. மேலே பார்த்தால் சின்ன வெட்டு. உள்ளே நரம்பும் தசைநாணும் அறுந்திருக்கும். ஒரு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்று போனால், சரிசெய்வது கடினம்.

கை, விரல் நசுங்கினால் கை அறுவைசிகிச்சை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரிடம் போக வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைசிகிச்சைப் பிரிவு இதற்குப் பெயர்பெற்றது. எலும்பு முறிவு, முதுகு அடிக்கு எலும்பியல் நிபுணர். தீக்காயம், ரசாயனக் காயத்துக்கு தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனை. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இது இருக்கிறது. கண்ணில் இரும்புத்தூள், வெல்டிங் பொறி பட்டால் கண் மருத்துவமனை. பக்கத்து மிஷின்காரர் கைக்குட்டை முனையால் எடுத்துவிடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் நாட்டுக்கட்டு. எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறவரிடம் போவது இன்றும் பல ஊர்களில் வழக்கம். இழப்பீட்டுக் கோணத்தில் பார்த்தால் அங்கே பெரிய சிக்கல் உண்டு. சட்டம் ஏற்பது பதிவுபெற்ற மருத்துவரின் சான்றிதழை மட்டுமே. கட்டுப் போட்டவரிடம் எக்ஸ்ரேவும் இருக்காது, தேதி போட்ட சீட்டும் இருக்காது. பிறகு "இந்த எலும்பு அன்றைக்குத்தான் உடைந்தது" என்று எதை வைத்து நிரூபிப்பது?

டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியம்

"எப்படி அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்பார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கூட வந்த சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாருங்க" என்பார். "கம்பெனி பேரு வேண்டாம்பா, செலவை நாங்க பார்த்துக்கிறோம்" என்றும் கேட்டுக்கொள்வார்கள். டாக்டர் காதில் விழுந்ததை அப்படியே எழுதுவார். முதல் சீட்டில் 'வீட்டில் விழுந்தார்' என்று ஏறிவிட்டால், பிறகு எத்தனை சாட்சி கொண்டுவந்தாலும் அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும்.

எனவே நோயாளியோ, கூட வந்த குடும்பத்தாரோ தெளிவாகச் சொல்ல வேண்டியவை: எந்த நிறுவனம், எந்த மிஷின், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கை. நீங்கள் வலது கைக்காரரா, இடது கைக்காரரா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வலி எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனையும் சொல்லுங்கள். கால் முறிவு பெரிதாகத் தெரிவதால் இடுப்பு வலியைச் சொல்லாமல் விட்டால், "அது அப்புறம் வந்த வலி" என்று ஒதுக்கிவிடுவார்கள். ஏற்கெனவே முதுகுவலி இருந்ததா? அதையும் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், உண்மையான காயத்தையும் சந்தேகிப்பார்கள்.

அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் பதிவாகும். 'ஏ.ஆர். காப்பி' என்று சொல்வார்களே, அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இ.எஸ்.ஐ உள்ளவர்கள் ஏன் இ.எஸ்.ஐ டாக்டரையே பார்க்க வேண்டும்?

"அங்க கூட்டம், நாள் பூரா நிக்கணும்" என்று தனியார் டாக்டரிடம் போய்விடுகிறவர்கள் உண்டு. ஆனால், விடுப்புக் காலத்துக்கான பணம் இ.எஸ்.ஐ டாக்டர் தரும் சான்றிதழின் மேல்தான் நிற்கிறது. வெளி டாக்டர் சான்றிதழைக் கொடுத்தால், அதை ஏற்பதா வேண்டாமா என்று இ.எஸ்.ஐ தரப்பில் ஆராய்ந்துதான் முடிவு செய்வார்கள்.

வேலையிடத்து விபத்துக்கு இ.எஸ்.ஐ தருவது சாதாரண நோய் விடுப்புப் பணத்தைவிட அதிகம். சம்பளத்தில் சுமார் 90 சதவீதம், வேலை செய்ய முடியாத காலம் முழுவதற்கும் கிடைக்கும். நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் 540 ரூபாய். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், இதில் அடங்கும்.

இதற்கு இரண்டு காரியம் நடந்திருக்க வேண்டும். விபத்து, நிறுவனத்தின் விபத்துப் புத்தகத்தில் ஏற வேண்டும். நிறுவனம் இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்துக்கும் டாக்டருக்கும் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். மோசமான காயம் என்றால் உடனடியாக, மற்றவற்றுக்கு தகவல் தெரிந்த பிறகு விதிகள் சொல்லும் கெடுவுக்குள். அனுப்பினார்களா என்று கேட்டு, நகல் வாங்குங்கள். தயங்கினால் நீங்களே கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். இ.எஸ்.ஐ-யின் கட்டணமில்லா எண் 1800-11-2526.

கம்பெனி டாக்டரிடம் போயே ஆகணுமா?

இ.எஸ்.ஐ இல்லாதவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பரிசோதனை. விபத்து பற்றி நீங்கள் தகவல் கொடுத்த மூன்று நாள்களுக்குள், முதலாளி தன் செலவில் ஒரு டாக்டரிடம் உங்களைப் பரிசோதிக்கக் கூப்பிட்டால் போக வேண்டும். காரணமில்லாமல் மறுத்தால் இழப்பீட்டு உரிமை அதுவரை நிறுத்திவைக்கப்படும். எனவே "நான் வர மாட்டேன்" என்று முறுக்கிக்கொள்வது நமக்குத்தான் நஷ்டம். பரிசோதனைக்குப் போங்கள், வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள், வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, சிகிச்சை. கம்பெனி சொல்லும் டாக்டரிடமே தொடர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் நம்பும், பதிவுபெற்ற டாக்டரிடம் போகலாம். ஆனால், எந்த டாக்டரிடமும் ஒழுங்காகப் போகாமல், சொன்னதைக் கேட்காமல் இருந்து, அதனால் காயம் மோசமானால், கூடுதலாக ஆன பாதிப்புக்கு இழப்பீடு கேட்க முடியாது. டாக்டரை மாற்றலாம், வைத்தியத்தைப் பாதியில் விடக் கூடாது.

வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான உண்மையான மருத்துவச் செலவையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். எனவே, மாத்திரை பில் முதல் ஆட்டோ செலவு வரை எழுதிவையுங்கள். பில் இருக்கிறதை பில்லோடு, இல்லாததைத் தேதியோடு.

ஒரு சதவீதத்தில் எவ்வளவு பணம்?

நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டால், டாக்டர் எழுதும் சதவீதம்தான் கணக்கின் மையம். கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மற்றக் கண் நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40 என்று சட்டத்தின் பட்டியலே சொல்கிறது.

30 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் 15,000 ரூபாய் (2020-ல் அறிவிக்கப்பட்ட உச்சவரம்பும் இதுதான்). அதில் 60 சதவீதம் 9,000. அந்த வயதுக்கான காரணி எண் 207.98. பெருக்கினால் 18,71,820. இது முழு ஊனத்துக்கான தொகை. கட்டைவிரலுக்கு அதில் 30 சதவீதம், அதாவது 5,61,546 ரூபாய்.

பட்டியலில் இல்லாத காயங்களுக்கு, அதாவது மடங்காத முழங்கால், தூக்க முடியாத தோள் போன்றவற்றுக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று டாக்டர்தான் மதிப்பிட வேண்டும். மேலே சொன்ன அதே ஆளுக்கு 10 சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ வித்தியாசம் 1,87,182 ரூபாய்!

கவனிக்க வேண்டியது, உடல் உறுப்பின் இழப்பு வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை இழந்த தச்சர் ஒருவருக்கு முழு ஊனத்துக்கான இழப்பீடு சரியே என்று உச்ச நீதிமன்றம் 1975-ல் தீர்ப்பளித்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதே காரணம். எனவே, சான்றிதழ் தரும் டாக்டரிடம் "நான் என்ன வேலை செய்கிறேன், அதில் இப்போது எதைச் செய்ய முடியவில்லை" என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும். டைப் அடிப்பவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே தோள்வலி ஒன்றல்ல.

இ.எஸ்.ஐ-யில் இந்தச் சதவீதத்தை மருத்துவ வாரியம் முடிவு செய்யும். குறைவு என்று தோன்றினால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ, இ.எஸ்.ஐ நீதிமன்றத்துக்கோ போகலாம்.

நல்ல டாக்டர் என்பதற்கு அடையாளம்

* காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்டு, உங்கள் வார்த்தையிலேயே எழுதுகிறார்.
* சீட்டில் தேதி, கையெழுத்து, பதிவு எண் இருக்கிறது.
* எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை உங்கள் கையில் தருகிறார்.
* "எப்போது வேலைக்குப் போகலாம்" என்பதை முதலாளியின் போனைக் கேட்டு முடிவு செய்வதில்லை.
* தேவைப்பட்டால் விசாரணையில் வந்து சாட்சி சொல்லத் தயங்குவதில்லை. சதவீதத்தை எழுதிய டாக்டரைக் குறுக்கு விசாரணைக்கு அழைப்பது சகஜம்.

இன்னொன்று: கேட்ட சதவீதத்தை எழுதித் தருகிறேன் என்கிற டாக்டரை நம்பாதீர்கள். ஸ்கேனோடு ஒத்துப்போகாத சான்றிதழ் விசாரணையில் உடையும்போது, உங்கள் நியாயமான பங்கும் சேர்ந்து போய்விடும்.

யாரிடம் உதவி கேட்பது?

இ.எஸ்.ஐ இல்லாதவர்கள், விபத்தை எழுத்தில் முதலாளிக்குத் தெரிவித்து நகல் வைத்துக்கொண்டு, 2 ஆண்டுகள் ஆவதற்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட வேண்டும். "இருபதாயிரம் வாங்கிக்கோ, இனி எதுவும் கேட்க மாட்டேன்னு எழுதிக் கொடு" என்று உரிமையை விட்டுக்கொடுக்க வைக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தொழிலாளர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு; உதவி எண் 15100.

எல்லாச் சீட்டையும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். அசல் சீட்டை யார் கேட்டாலும், நகல் எடுத்துக்கொண்டு, வாங்கியதற்குக் கையெழுத்தும் பெற்ற பிறகே கொடுங்கள்.