மூன்று நாட்டு வழக்கும் ஒரு தில்லிப் பயணமும்

2006 நவம்பரில் வலியசாலையிலிருந்தும் பக்கத்துக் கரமனையிலிருந்துமாக 32 பிள்ளைகளைத் தில்லிக்கு அழைத்துச் சென்றோம். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்கள். பெரியவர்கள் நாங்கள் நால்வர். கேரளா எக்ஸ்பிரஸில் சுமார் 3000 கிலோமீட்டர், இரண்டு ராத்திரி ரயிலிலேயே கழிய வேண்டும். வரலாற்றில் கொஞ்சம் ஈடுபாடு உள்ளவன் என்பதால், பார்க்கும் இடங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பொழுது சொன்னதையும், சொல்லத் தெரியாமல் நின்று பின்னால் தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வலியசாலை என்றால் பெரிய சாலை. இங்கே சாலை என்பது தெரு அல்ல. கற்கும் இடம், உணவும் உறைவிடமும் தந்து மாணவரை வைத்துப் போற்றிய இடம். நம் தெருக்களின் நடுவில் இருக்கும் கோயிலுக்குக் காந்தளூர் மகாதேவர் கோயில் என்று பெயர். 985இல் பட்டமேறிய முதலாம் ராஜராஜன் தன் தொடக்கக் கால வெற்றியாக மெய்க்கீர்த்தியில் சொல்லிக்கொள்ளும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பது ஒரு சாரார் கருத்து. விழிஞத்தை ஒட்டிய இடம் என்று கொள்வோரும் உண்டு. அங்கே அவன் அறுத்த 'கலம்' மரக்கலமா, மாணவர் உண்ணும் உண்கலமா என்பதில் அறிஞர்களுக்குள் நடந்த வாதத்தை எழுதப் புகுந்தால் இந்த மலர் போதாது.

ரயில் பாலக்காட்டைத் தாண்டியதும் பிள்ளைகளுக்கு நான் சொன்னது வேறு ஒரு செய்தி. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டை ஒட்டி, இன்றைய குமரி மாவட்டத்தில் முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் ஒரு விஷ்ணு கோயில் எடுத்து, 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, ஒரு சாலையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையின் முறையை ஒட்டியே அதை அமைத்தான். ஹஜூர் கச்சேரியில் கிடைத்த செப்பேட்டில் இந்த விவரம் இருக்கிறது. டி. ஏ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் அதைப் பதிப்பித்தார். வேதப் பிரிவு வாரியாக 45, 36, 14 என்று இடங்கள் பிரிக்கப்பட்டிருந்தன. தகாத வார்த்தை பேசினால் தண்டம், கைநீட்டினால் தண்டம். சபை கூடும்போது ஆயுதத்தோடு வரக் கூடாது. சேர விரும்புகிறவனுக்கு இலக்கணம் முதலிய கல்வியோடு 'த்ரைராஜ்ய வ்யவஹாரம்' தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு விதி. சேர, சோழ, பாண்டியர் என்ற மூன்று நாட்டு நடைமுறையும் அறிந்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்வர்.

"அப்போ அந்தக் காலத்துலயே என்ட்ரன்ஸ் எக்ஸாம் உண்டா மாமா?" என்று கேட்டான் ஒருவன்.

"உண்டுடா. பொது அறிவுப் பேப்பர் கொஞ்சம் கஷ்டம்" என்றேன்.

மூன்றாம் நாள் தில்லி. இறங்கியதும் குளிர். மஃப்ளர் கொண்டு வராதவர்களுக்கு முதல் செலவு கரோல் பாக்கில் ஆயிற்று.

தில்லியிலே பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொன்றாக எழுதி வாசகரைச் சலிப்படையச் செய்ய மாட்டேன். குதுப் மினாரை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. 379 படி, சுமார் 73 மீட்டர் உயரம். உள்ளே ஏற விடமாட்டார்கள் என்றதும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். 1981 டிசம்பர் 4ஆம் தேதி உள்ளே மின்விளக்கு அணைந்து, இருட்டில் குறுகலான படியில் நெரிசல் உண்டாகி 45 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். நம்மைப் போல ஊர் பார்க்கக் கூட்டமாய் வந்தவர்கள். அதைச் சொன்னபின் யாரும் ஏறுவதைப் பற்றிப் பேசவில்லை. அன்றிலிருந்து திரும்பி வரும்வரை ஒவ்வொரு இடத்திலும் பஸ்ஸில் ஏறுமுன் 32 தலையையும் நானே எண்ணினேன். கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள், பரவாயில்லை.

இந்தியா கேட்டில் முதல் உலகப் போரில் மாண்ட சுமார் 70,000 இந்தியச் சிப்பாய்களின் நினைவைப் பார்த்தோம். அதன் அருகில் ஒரு கல் மண்டபம் காலியாக நின்றது. அங்கே இருந்த ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968இல் எடுத்துவிட்டார்கள். 1911 டிசம்பர் 12 தர்பாரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தவர் அவர்தான். அந்தக் காலி மண்டபத்தில் 2022 செப்டம்பரில் நேதாஜியின் சிலை வந்தது. நாங்கள் போனபோது வெறுமையே.

அங்கே ஒரு சம்பவம். வேர்க்கடலை விற்றவர் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒரு பெண் 'கேரளா' என்றாள். அடுத்த நிமிடம் இவர்கள் தமிழில் பேசிக்கொள்வதைக் கேட்டு, பக்கத்தில் நின்ற ஒருவர், அவர் தமிழ் தெரிந்தவர், "தமிழ்நாட்டுக்காரங்கதானே, ஏன் கேரளான்னு சொல்றீங்க?" என்றாராம். அவர் தப்பாகச் சொல்லவில்லை, சும்மா கேட்டார். அந்தப் பெண் என்னிடம் வந்து, "மாமா, நாம எந்த ஊர்க்காரா?" என்று கேட்டாள். ஊரிலே மலையாளத்தில் படிக்கிறவள். ஸ்கூலில் அவளைப் 'பாண்டி' என்பார்களாம். மதுரையில் அத்தை வீட்டுக்குப் போனால் அவள் பேசும் தமிழைக் கேட்டு 'மலையாளத்துக்காரி' என்பார்களாம். வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே நின்றாள்.

எனக்கும் உடனே பதில் வரவில்லை. ராத்திரி தங்கின இடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து 1891ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னேன்.

அந்த ஜனவரியில் 'மலையாளி மெமோரியல்' என்ற மனு திருவிதாங்கூர் மகாராஜாவிடம் தரப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டது. பெரிய உத்தியோகங்களை எல்லாம் பரதேசத்திலிருந்து வந்தவர்கள், முக்கியமாகத் தமிழ்ப் பிராமணர்கள், வைத்துக்கொண்டிருக்கிறார்கள், மண்ணின் மக்களுக்கு இடமில்லை என்பது குறை. அந்தக் குறையில் நியாயம் இருந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். திவான்களாக வந்தவர்களின் பெயர் வரிசையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அதே ஊரில் அதே 1891இல் நடந்த வேறு மூன்றும் உண்டு. மகாராஜா கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' வெளிவந்தது. தமிழ்நாடு இன்று தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடுவது அதன் பாயிரப் பகுதியைத்தான். நம் திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டது அது. அதே ஆண்டு அவருக்கு நடராஜ பிள்ளை என்ற மகன் பிறந்தார். செப்டம்பரில் இதே ஊரில், நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பம் ஒன்றில், செண்பகராமன் பிறந்தார்.

செண்பகராமன் தைக்காட்டில் இன்று மாடல் ஸ்கூல் என்று சொல்லும் பள்ளியில் படித்தவர். 1908இல், இந்தப் பிள்ளைகள் சிலருடைய வயதிலே, ஸ்ட்ரிக்லண்ட் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளரோடு ஐரோப்பாவுக்குப் போனார். பிறகு உயிரோடு ஊர் திரும்பவில்லை. பெர்லினில் இந்தியர் குழுவில் வேலை செய்தார். 1915 டிசம்பரில் காபூலில் மகேந்திர பிரதாப் அமைத்த தற்காலிக அரசில் வெளிநாட்டு அமைச்சராக அவர் பெயர் இருந்தது. 1934இல் பெர்லினில் இறந்தார். எம்டன் கப்பலில் வந்து சென்னைமேல் குண்டு போட்டவர் அவரே என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் காணோம். இல்லாததைச் சொல்லி அவரைப் பெரிதாக்க வேண்டிய அவசியமும் இல்லை. 'ஜெய் ஹிந்த்' முதலில் அவர் வாயில் வந்தது என்பார்கள், ஆபித் ஹசன் தந்தது என்பாரும் உளர். எப்படியானாலும் மறுநாள் செங்கோட்டையில் அந்த வார்த்தை காதில் விழுந்தபோது பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷாஜஹான் கட்டிய அந்தக் கோட்டையில்தான் 1945 நவம்பரில் ஐ.என்.ஏ. வழக்கு நடந்தது. நேரு அங்கே முதலில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16ஆம் தேதி, 15 அல்ல. இதைச் சொன்னதும் ஒரு பையன் 'அப்போ புஸ்தகத்துல தப்பா?' என்று நோட்டை எடுத்தான்.

செண்பகராமனின் அஸ்தி 1966இல் கொச்சிக்கு வந்தது. கொண்டு வந்த போர்க்கப்பலின் பெயர் 'ஐ.என்.எஸ். தில்லி'. கரமனையாற்றில் ஒரு பங்கைக் கரைத்தார்கள். நாம் தினம் பாலத்தில் தாண்டிப் போகிற ஆறு.

நடராஜ பிள்ளையின் கதைக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடைத்தது. ஒருவர் உதவியால் பாஸ் கிடைத்து உள்ளே போனோம். 1927இல் திறந்த வட்டக் கட்டடம், வெளித் தாழ்வாரத்தில் 144 தூண். மைய மண்டபத்தில் நின்றபோது சொன்னேன்: 1946 டிசம்பர் 9 முதல் அரசியல் நிர்ணய சபை கூடியது இந்த மண்டபத்தில். அதில் திருவிதாங்கூர்-கொச்சியின் உறுப்பினர் வரிசையில் நடராஜ பிள்ளையும் ஒருவர். ஆறு வயதில் தகப்பனை இழந்தவர். சர் சி.பி. திவானாக இருந்தபோது பேரூர்க்கடையில் தகப்பன் விட்டுப்போன நிலத்தைப் பறிகொடுத்தவர். 1954இல் பட்டம் தாணு பிள்ளை மந்திரிசபையில் நிதியமைச்சர். 1962இல் திருவனந்தபுரம் தொகுதியில் சுயேச்சையாக நின்று மக்களவைக்கு வந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்பதை அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

சர் சி.பி.யைச் சொன்னதால் இன்னொன்று. 1947 ஜூன் 11இல் அவர் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். அவரும் தமிழர்தான். அந்த எண்ணம் பலித்திருந்தால் வலியசாலையே ஒரு நாட்டின் தலைநகரில் இருந்திருக்கும், தில்லிக்குப் போக நாங்கள் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஜூலை 25இல் சங்கீத அகாடமி வளாகத்தில் அவர்மேல் வெட்டு விழுந்தது. சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார்.

ராஷ்டிரபதி பவனை வெளியிலிருந்து பார்த்தோம். 340 அறை. அப்போது அங்கே இருந்தவர் அப்துல் கலாம், நம் தும்பாவில் ராக்கெட் விட்ட காலத்தில் திருவனந்தபுரத்துச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர். அதற்கு முன் கவர்னர் ஜெனரலாக அங்கே குடியிருந்த ராஜாஜி தோட்டத்து நிலத்தில் கோதுமை விதைத்தார் என்றதும் சிரிப்பு. ஆர்.கே. புரத்தில் 1973இல் குடமுழுக்கு நடந்த மலை மந்திரில் சுவாமிநாதனைக் கும்பிட்டோம். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தொடங்கியது, அதைப் பற்றி அறிந்தவர்கள் எழுதினால் நல்லது.

அதற்குப் பிறகு தில்லியில் எவ்வளவோ மாறிவிட்டது. 2023 மே 28இல் புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறந்தார்கள். 1947 ஆகஸ்ட் 14 இரவில் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் தந்த செங்கோல் இப்போது மக்களவைத் தலைவர் இருக்கை அருகே இருக்கிறது. அது அதிகார மாற்றத்தின் அடையாளமா, வாழ்த்தி அளித்த பரிசா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. செப்டம்பர் முதல் சபைகள் புதிய கட்டடத்தில் கூடுகின்றன. நாங்கள் நின்ற வட்டக் கட்டடத்துக்கு 'சம்விதான் சதன்' என்று பெயர் மாறியது.

திரும்பும் ரயில் பேட்டை ஸ்டேஷனைத் தாண்டும்போது பெட்டிகளை எல்லாம் வாசலுக்கு இழுத்தாயிற்று. மீண்டும் 32 எண்ணினேன். அந்தப் பெண் இறங்கும்போது, "மாமா, நடராஜ பிள்ளை நிலம் எங்கன்னு சொன்னேள்?" என்றாள்.

அடுத்த ஞாயிறு பேரூர்க்கடைக்கு ஏழு பேர் வந்தார்கள். அங்கே அவர் பெயரில் அரசுப் பள்ளி இருக்கிறது. லீவு நாள், கேட் பூட்டியிருந்தது. மலையாளத்தில் எழுதியிருந்த பெயர்ப் பலகையை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு நோட்டை எடுத்து, அந்தப் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். கீழே பார்த்துப் பார்த்து அவளும் ஒரு தடவை எழுதினாள். 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் தகராறு வராத பெயர், ஆனாலும் 'பிள்ளை'யில் கொஞ்சம் தயங்கினாள்.