எல்லையைக் கடந்த பிறகு

அகதிகள் படம் என்றதும் கம்பிவேலியும், நிரம்பி வழியும் படகும், மூட்டை சுமந்து நடக்கும் கூட்டமும்தான் கண்முன் வரும். 1925இல் டாக்காவில் பிறந்து, நாட்டுப் பிரிவினையில் பிறந்த மண் வேறு நாடாகிப்போனதைக் கண்ட ரித்விக் கட்டக், இவை எதையும் நம்பாமல் அகதி வாழ்வைப் படமாக்கியவர். ‘மேகே டாக்கா தாரா’வில் (1960) கலவரம் இல்லை, எல்லைச் சாவடி இல்லை. கல்கத்தாப் புறநகரின் அகதிக் காலனியில் ஒரு வீடு. அதற்குச் சம்பாதித்துப் போடும் மகள் நீதா.

பணம் கைக்கு வந்த அன்றே தங்கைக்குச் சேலை, தம்பிக்கு விளையாட்டுக் காலணி என்று கரைந்துபோகிறது. அவளுடைய செருப்போ வார் அறுந்து கிடக்கிறது. அவளை விரும்பும் சனத் வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு அடிவயிறு கலங்குகிறது: இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் உலைக்கு அரிசி ஏது? அடுப்பில் கொதிக்கும் சத்தத்தை அங்கே உரக்கக் கேட்கவைக்கிறார் கட்டக். தாயைக் கொடுமைக்காரி என்று ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியடைய அவர் வழி விடுவதில்லை. பெற்ற பாசமே கணக்குப் பார்க்கும்படி ஆனதுதான் பிரிவினை அந்த வீட்டுக்குச் செய்தது. காசநோயோடு ஷில்லாங் மருத்துவமனையில் முடியும் நீதாவின் கதையை மிகையுணர்ச்சி என்பார்கள். அழவும் நேரமில்லாமல் உழைத்தவளுக்காகப் படம் வாய்விட்டு அழுவது எனக்கு நியாயமாகவே படுகிறது.

‘கோமல் காந்தார்’ (1961) படத்தில் பத்மா நதிக்கரையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. கேமரா அதன்மேல் விரைந்துபோய்த் தடுப்பில் மோத, திரை இருள்கிறது. சொந்த ஊர் அக்கரையில்.

1965இல் திரைக்கு வந்த ‘சுபர்ணரேகா’ இன்னும் கடுமையானது. வீடு வாசலை இழந்து வந்தவர்கள் சாதியை மட்டும் இழக்காமல் கொண்டுவந்திருக்கிறார்கள். காலனியில் இடம் மறுக்கப்பட்ட பாக்டி சாதிப் பெண்ணின் மகன்தான் தன் வீட்டில் வளரும் அபிராம் என்று தெரிந்ததும், தங்கை சீதாவை அவனுக்குக் கொடுக்க ஈஸ்வர் மறுக்கிறான். அகதியைக் குற்றமற்ற பாவமாகவே காட்டும் இரக்கப் படங்கள் இந்த இடத்துக்கு வரத் துணிவதில்லை.

நம் மொழி பேசும் ‘தீபன்’ (2015) படத்தையும் கட்டக்கின் இந்த அளவுகோலில் பார்க்கலாம். ழாக் ஓதியார் இயக்கி, கான் விழாவில் தங்கப் பனை வென்ற படம். நாயகன் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. இறந்தவர்களின் கடவுச்சீட்டில் இலங்கையிலிருந்து பிரான்சுக்குப் போன முன்பின் அறியாத மூவர், ஒரே வீட்டில் அப்பா, அம்மா, மகளாகப் பழகும் பகுதிகள் அபாரமானவை. கடைசியில் தீபன் மறுபடி ஆயுதம் எடுத்ததும் அது நமக்குப் பழகிய சண்டைப் படமாகிவிடுகிறது. அதுவரை கூடிவந்த அந்தக் குடும்பத்தைப் படமே பாதியில் விட்டுவிடுகிறது.